ஊரெல்லாம் சொன்னார், ஊசிக்குச் சொல்லவில்லை

சிகரெட் பிடிக்கிறவர் என்று ஓர் இனம், பிடிக்காதவர் என்று ஓர் இனம். இரண்டோடும் குடித்தனம் நடத்திவிடலாம். மூன்றாவதாக ஒன்று இருக்கிறது: சிகரெட்டை விட்டவர். அதோடு ஒரு வாரம் இருந்து பாருங்கள், அப்புறம் பேசலாம்.

மயிலாப்பூர் சண்முகவேல் இந்த இனம். ஈக்காட்டுத்தாங்கல் பட்டறையில் லேத் ஓட்டி ஓய்ந்தவர். பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை வியாதி, காலையும் மாலையும் இன்சுலின் ஊசி. துபாயிலிருந்து வந்த மருமகன் நிகோடின் கம் என்று ஒரு பெட்டியைக் கொடுத்து, சிகரெட் ஆசை வந்தால் இதை மென்று கன்னத்தில் ஒதுக்கிக்கொள்ளுங்கள் என்றார். மாமனார் அந்த நிமிடமே தீப்பெட்டியைத் தெருவில் எறிந்தார். யாரும் பார்க்கவில்லை. எடுத்துவந்து மறுபடியும் எறிந்தார்.

அதற்கப்புறம் அவர் சொல்லாத ஆள் உண்டா? பால் பூத்தில் சொன்னார், கோயில் வாசலில் செருப்பு டோக்கன் வாங்கும்போது சொன்னார், குளக்கரையில் நடக்கிறவர்களை விடாமல் கூடவே நடந்து சொன்னார், நம்பர் மாறி வந்த டெலிபோனில்கூட, "நீங்க தேடுற ஆள் நான் இல்லீங்க, ஆனா சிகரெட்ட விட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டுத்தான் வைத்தார். மனைவி தங்கபுஷ்பத்துக்குக் காது புளித்துப்போயிற்று. போகட்டும், வீட்டில் புகை நாற்றம் போனதே என்று பொறுத்துக்கொண்டாள்.

பத்தாம் நாள் மனிதருக்குக் கை நடுங்கியது, வியர்த்துக் கொட்டியது. சிகரெட் கூப்பிடுகிறது, நானா போவேன் என்று வீரமாக இரண்டு கம்மை வாயில் போட்டுக்கொண்டார். மறுநாளும் நடுக்கம். மறுநாளும் வீரம். மூன்றாம் நாள் பூக்காரி ஓடிவந்தாள்.

"யக்கா, உங்க வூட்டுக்காரரு என் மல்லிப்பூ மேல சாஞ்சிக்கினு கீறாரு. இன்னாச்சின்னு கேட்டா சிகரெட்ட வுட்டுட்டேன்றாரு."

தங்கபுஷ்பத்துக்குப் புரிந்துவிட்டது. சர்க்கரை இறங்கியிருக்கிறது. சர்க்கரைத் தண்ணீரைப் புகட்டி, தெளிந்ததும் ஆட்டோவில் போட்டு அடையாறு டாக்டரிடம் கொண்டுபோனாள்.

புதிதாக என்ன மாற்றினீர்கள் என்று டாக்டர் கேட்டார். ஒன்றுமில்லை என்றார் சண்முகவேல். ஊருக்கெல்லாம் சொன்ன வாய் இங்கே ஏன் பூட்டிக்கொண்டது? பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் இதே நாற்காலியில், சிகரெட் உண்டா என்ற கேள்விக்கு இவர் "சேச்சே" என்றிருந்தார். பிடித்ததே இல்லை என்றவர், விட்டுவிட்டேன் என்று எப்படிச் சொல்வார்?

சாப்பாடு தள்ளிப்போயிருக்கும் என்று நினைத்து, பழைய அளவிலேயே ஊசியைத் தொடரும்படி எழுத டாக்டர் பேனாவை எடுத்தார். தங்கபுஷ்பம் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். அடுத்த முறை இவர் விழும் இடத்தில் பூக்கூடை இருக்குமா, பஸ் சக்கரம் இருக்குமா?

"டாக்டர், இவரு மயிலாப்பூர் பூரா சொல்லி முடிச்சிட்டாரு. உங்ககிட்ட மட்டும்தான் பாக்கி. வாயைத் தொறக்கச் சொல்லுங்க."

திறந்தார். கன்னத்தில் கம்.

அது என்ன கம் என்று கேட்டு விஷயத்தைத் தெரிந்துகொண்ட டாக்டர் பேனாவை வைத்தார். சிகரெட் இன்சுலினைச் சரியாக வேலை செய்யவிடாது. அதை விட்டதும் தடை விலக, பழைய அளவே உடம்புக்கு அதிகமாகிச் சர்க்கரை விழுந்திருக்கிறது. கம்மிலும் கொஞ்சம் நிகோடின் இருக்கிறது; அதைக் குறைக்கும்போதும் சர்க்கரையைச் சோதிக்க வேண்டும். நடுங்கினால் கம் இல்லை, சர்க்கரை. இவ்வளவும் சொல்லி ஊசி அளவைக் குறைத்து எழுதினார்.

"சிகரெட்ட விட்டது ரொம்பச் சரி. அந்த 'சேச்சே'யையும் விட்டுடுங்க."

நடுக்கம் நின்றது. பேச்சு நிற்குமா? இப்போது ஊசி குறைந்த கதையைச் சொல்லித் திரிகிறார். தூரத்தில் வரும்போதே பூக்காரி கூடையை நகர்த்திவிடுகிறாள்.

சிரிக்கிறீர்களாக்கும். நன்றாகச் சிரியுங்கள். போன தடவை டாக்டர் "தினமும் நடக்கிறீங்களா?" என்று கேட்டபோது பலமாகத் தலையை ஆட்டினீர்களே, அது எந்தத் தெருவில்?