ஆறுமுகசாமி தொடுத்த போர்

'ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கோட்டை விழுந்ததற்கு மூன்று காரணங்கள் எழுதுக' என்பதுதான் கேள்வி. மனிஷா எழுதியிருந்த பதிலின் மேல் சிவப்பு மையில் ஒரு பெரிய பூஜ்யம் உட்கார்ந்திருந்தது.

"நோடி சார், நீங்களே படிங்க" என்று கன்னடம் கலந்த தமிழில் சொல்லி விடைத்தாளை நீட்டினார் வரலாற்று ஆசிரியை ஸ்வாதி.

மனிஷாவின் அப்பா ஆறுமுகசாமி படித்தார். 'கோட்டை விழவில்லை. நான் முன்கூட்டியே ஆறு தானியக் கிடங்குகள் கட்டிவிட்டேன். பக்கத்து நாட்டோடு உடன்படிக்கையும் இருக்கிறது. ஆகவே இந்தக் கேள்வி செல்லாது.'

"ஏனுங்க மேடம், என்ன எழுத்துங்க இது?"

"டேப்லெட்ல ஒரு கேம் ஆடறா சார். பழைய காலத்து ராஜ்யம், கோட்டை, படை, வாய்க்கால் எல்லாம் வரும். நாமதான் ஆளணும். அதுல அவளோட கோட்டை விழல. அதனால பரீட்சையிலயும் விழல."

"அது புள்ளைங்களுக்கு ஆகுமுங்களா, ஆகாதுங்களா? ஒரே வார்த்தையில சொல்லிப்போடுங்க."

ஸ்வாதி அடுத்த பக்கத்தைப் புரட்டினார். முற்றுகைக் காலத்தில் கோட்டைக்குள் இருந்தவர்கள் தண்ணீரையும் தானியத்தையும் எப்படிப் பாதுகாத்தார்கள் என்ற கேள்விக்கு மனிஷா ஒன்றரைப் பக்கம் எழுதி, ஐந்துக்கு ஐந்து வாங்கியிருந்தாள்.

"இதுல பாதி எனக்கே தெரியாது சார். ஒரே வார்த்தையில எப்படிச் சொல்றது?"

ஒரே வார்த்தையில் சொல்லத் தெரியாதவர்களிடம் ஆறுமுகசாமிக்கு நம்பிக்கை கிடையாது. அவர் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் பக்கத்தில் மேட்டகள்ளியில் ஓர் ஊதுவத்தி கம்பெனியில் பேக்கிங் சூப்பர்வைசர். அங்கே வத்தி உடைந்திருக்கும், அல்லது உடையாமல் இருக்கும். நடுவில் ஒன்றும் கிடையாது.

வீடு மட்டும்தான் அப்படிப் பிடிபடவில்லை. மனைவி உமாதேவி நோயில் போய் ஏழு மாதம் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு அப்பாவும் மகளும் பேசிக்கொண்டதெல்லாம் சாம்பாரில் உப்பு, யூனிபார்ம் இஸ்திரி, வாசல் சாவி. பன்னிரண்டு வயதுப் பெண்ணிடம் வேறென்ன பேசுவதென்று அவருக்குத் தெரியவில்லை. அந்த இலாகா முழுவதும் உமாதேவியிடம் இருந்தது. இப்போது கண்டிக்கவாவது ஒரு விஷயம் கிடைத்ததில் அவருக்கு உள்ளூரக் கொஞ்சம் ஆறுதல்கூட.

வீட்டுக்கு வந்ததும் டேப்பை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டினார்.

"பேடாப்பா, வேண்டாம்! நாலு மணி ஆனா நான் இருந்தே ஆகணும். செவ்வாய், வியாழன், சனி கண்டிப்பா இருக்கணும்."

"ராஜாங்கத்துக்கும் ஆபீஸ் டைம் உண்டா கண்ணு?"

"பக்கத்து நாட்டுக்குத் தானியம் அனுப்பணும்ப்பா. காத்துட்டிருப்பாங்க."

"காத்திருக்கட்டும். மொதல்ல நீ மூணு காரணத்தைப் படி."

மனிஷா அழவில்லை. அழுதிருந்தால் எப்படியாவது சமாளித்திருப்பார். அவள் சாப்பாட்டை நிறுத்திவிட்டாள். முதல் நாள் உப்புமா அப்படியே தட்டில் இருந்தது. அவரே கிண்டிய உப்புமா என்பதால் அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாள் ஓட்டல் மசால் தோசையும் அப்படியே கிடந்தபோதுதான் யாரிடமாவது கேட்க வேண்டுமென்று பட்டது.

கம்பெனியில் மஞ்சுநாத்திடம் சொன்னார். மஞ்சுநாத் எந்த விஷயத்திலும் கருத்து வைத்திருக்கும் மிஷின் ஆபரேட்டர். எல்லோரையும் 'குரு' என்றுதான் கூப்பிடுவான்.

"நீ ஆடிப் பாத்தியா குரு?"

"நான் எதுக்கு?"

"பாக்காமலே தீர்ப்புக் குடுத்தா எப்படி? நாளைக்கு டேப்பை எடுத்துட்டு வா. லஞ்ச்ல பாத்துடலாம்."

மறுநாள் மதியம் சாப்பிட்டுக்கொண்டே இருவரும் டேப்பைத் திறந்தார்கள். ஆற்றங்கரையில் ஒரு சின்ன நாடு விரிந்தது. அரசியின் பெயர் 'காவேரி ராணி'. ஊருக்கு ஊர் கிணறு, வாய்க்கால், வைத்தியசாலை. படை என்று தேடினால் நாற்பது வீரர்களும் வயதான ஒரு யானையும்தான்.

"என்ன குரு இது? ராஜ்யமா, பஞ்சாயத்து ஆபீஸா?" என்றான் மஞ்சுநாத்.

ஆறுமுகசாமி பதில் சொல்வதற்குள் திரையின் மூலையில் ஒரு மணி ஒலித்தது. பக்கத்து நாட்டு அரசன் செய்தி அனுப்பியிருந்தான். பெயர் 'லிங்கப்பன் 61'.

'ராணி, ரெண்டு நாளா காணோமே. உடம்புக்கு ஒண்ணும் இல்லையே? நீங்க இல்லாம எனக்குப் பொழுதே போகல.'

ஆறுமுகசாமியின் கையிலிருந்த சோற்று உருண்டை டப்பாவில் விழுந்தது.

"அறுபத்தொண்ணு வயசா இருக்கும் குரு. கிரிமினல்தான், சந்தேகமே இல்ல. மொதல்ல தொடர்பைக் கட் பண்ணு!"

ஆறுமுகசாமி அந்தப் பெயரை அழுத்தினார். நான்கு பொத்தான்கள் வந்தன. எல்லாம் இங்கிலீஷ். உடன்படிக்கையை முறிப்பது எதுவென்று தேடி, சிவப்பாக இருந்ததை அழுத்தினார். முரசு முழங்கியது. போர் அறிவிக்கப்பட்டுவிட்டது.

"நிறுத்து, நிறுத்து!" என்று மஞ்சுநாத் வேறொன்றை அழுத்தினான். ஆறு கிடங்குகளின் தானியமும் விற்பனையாகி, அதற்குப் பதிலாக மூவாயிரம் குதிரை வீரர்கள் வந்து நின்றார்கள். அவர்களைத் திருப்பி அனுப்ப முயன்றதில் அவர்கள் எல்லையைத் தாண்டிவிட்டார்கள். அதற்குள் பேக்கிங் செக்‌ஷனே சுற்றி நின்றுகொண்டது. "வலப்பக்கம் விடுங்க சார்! பீரங்கி சார், பீரங்கி!" என்று ஆளுக்கு ஆள் தளபதியானார்கள்.

லிங்கப்பன் சண்டையே போடவில்லை. கோட்டைக் கதவைத் திறந்து வைத்துவிட்டு ஒரே ஒரு செய்தி அனுப்பினான்.

'ராணி, கோபமா? நான் ஏதாவது தப்பாப் பேசிட்டேனா?'

லஞ்ச் முடிந்து சங்கு ஊதியபோது பக்கத்து நாட்டுத் தலைநகரம் ஆறுமுகசாமியின் கையில் இருந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். அவரும் சிரித்துவிட்டார். ஏழு மாதத்தில் முதல் சிரிப்பு. அது அவருக்கே உறைத்ததும் வாயை மூடிக்கொண்டார்.

மாலையில் மகளிடம் டேப்பை நீட்டினார். "சாப்பிடு கண்ணு. தினமும் அரை மணி நேரம் ஆடிக்க. ஆனா அந்த லிங்கப்பன் ஆகாது."

மனிஷா திரையைப் பார்த்தாள். காலியான கிடங்குகளையும், ஊரைவிட்டு வண்டி கட்டிப் போகும் ஜனங்களையும், புகைகிற பக்கத்துக் கோட்டையையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"அந்தத் தாத்தாகூடவா சண்டை போட்டே?"

"தாத்தாவா? உனக்கு எப்படித் தெரியும்? பாத்திருக்கியா?"

அவள் டேப்பை மேஜைமேல் வைத்துவிட்டாள்.

"சொல்லு சாமி, யாரு அந்த ஆளு?"

"சொல்ல மாட்டேன். சொன்னா எல்லாம் போயிடும்." அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கதவுக்கு இந்தப் பக்கம் நின்றபடி இரண்டு முறை கையைத் தூக்கினார், தட்டவில்லை. உமாதேவி இருந்தால் இந்த இடத்தில் என்ன சொல்லியிருப்பாள் என்று யோசித்துப் பார்த்தார்.

கடைசியில் அவரே காவேரி ராணியாகி எழுதினார். 'உங்களை நேரில் பார்க்க வேண்டும். எங்கே வர?'

பதில் உடனே வந்தது. 'நிஜமாவா! வியாழக்கிழமை நாலு மணிக்கு வாங்க. நீங்க வந்துட்டிருந்த பழைய இடம் இல்ல, இப்போ மாத்திட்டாங்க. சரஸ்வதிபுரம், பால் பூத்துக்கு எதிர் பில்டிங். ரெண்டாவது மாடி, ஜன்னல் ஓரம்.'

'நீங்க வந்துட்டிருந்த பழைய இடம்' என்ற வார்த்தைகளில் ஆறுமுகசாமியின் கண் நிலைகுத்தியது. அப்படியானால் மகள் ஏற்கெனவே போயிருக்கிறாள்!

வியாழக்கிழமை அரை நாள் லீவு போட்டுக் கிளம்பினார். துணைக்கு மஞ்சுநாத். ஆயுதமாக அவன் ஒரு நீளக் குடையைக் கொண்டுவந்திருந்தான். இரண்டாவது மாடி ஏறும்வரை ஆறுமுகசாமி பேசவேண்டிய வசவுகளை வரிசைப்படுத்திக்கொண்டே வந்தார். கண்ணாடிக் கதவில் எழுதியிருந்ததைப் படித்ததும் அத்தனையும் மறந்துபோயிற்று.

டயாலிசிஸ் பிரிவு.

உமாதேவி இரண்டு வருடம், வாரத்தில் மூன்று நாள் வந்த அதே ஆஸ்பத்திரியின் பெயர் கீழே இருந்தது. பழைய கட்டடத்தின் வாசலில் அவளை இறக்கிவிட்டு அவர் இரண்டாம் ஷிப்ட்டுக்குப் போய்விடுவார். ரத்தத்தைப் பார்த்தால் தனக்குத் தலை சுற்றும் என்று சொல்லி ஒரு நாளும் உள்ளே போனதில்லை. உள்ளே அந்த நான்கு மணி நேரத்தை அவள் எப்படிக் கழித்தாள் என்று கேட்டதும் இல்லை.

"குரு, இங்க எதுக்கு வந்தோம்?" என்று கிசுகிசுத்தபடி மஞ்சுநாத் குடையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

ஜன்னல் ஓரக் கட்டிலில் மெலிந்துபோன ஒரு மனிதர் படுத்திருந்தார். இடக்கையிலிருந்து இரண்டு சிவப்புக் குழாய்கள் மிஷினுக்குப் போயின. வலக்கையில் மொபைல். அதில் அந்தப் புகைகிற கோட்டை.

"லிங்கப்பன்... நீங்களுங்களா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். முகம் மலர்ந்தது. "அட, ராணி வீட்டுக்காரரு! போட்டோவுல பாத்திருக்கேன். வாங்க, உக்காருங்க. நான் கொள்ளேகாலம் பக்கம். பஸ் கண்டக்டரா இருந்து ரிட்டயர் ஆனவன்." அவர் கண்கள் ஆறுமுகசாமியின் தோளைத் தாண்டிக் கதவைத் தேடின. "அவங்க வரலீங்களா? கோட்டை போனா போகுது. என்மேல என்ன கோபம்னு தெரியாமத்தான் நாலு நாளா மனசு சரியில்ல."

"அது... நாந்தானுங்க. தெரியாம அமுத்திப்போட்டேன். கோபமெல்லாம் ஒண்ணும் இல்லீங்க."

லிங்கப்பன் சத்தமாகச் சிரித்தார். குழாய் ஆடியது. நர்ஸ் அங்கிருந்தே அதட்டினாள். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, மொபைலை வைத்துவிட்டு வலக்கையால் ஆறுமுகசாமியின் மணிக்கட்டைப் பற்றினார்.

"பக்கத்துக் கட்டில்ல படுத்துக்கிட்டு எனக்கு இந்த ஆட்டத்தைக் கத்துக்குடுத்தவங்களுக்கு வேற கிட்னி கிடைச்சிருச்சு, இனிமே வீட்டுல இருந்தே எங்கூட ஆடுவாங்கன்னு உங்க பாப்பா இந்த ஆட்டத்துலயே எழுதிச் சொன்னப்புறம்தாங்க, டயாலிசிஸே போதும்னு நிறுத்த இருந்த நானும் இன்னும் இங்க வந்துக்கிட்டிருக்கேன். உமாம்மா நல்லா இருக்காங்கல்ல?"