கண் கலங்கினால் நல்ல மூட்டை

காரைக்குடிச் சீமையில் கல்யாண வீட்டுக்குப் போய், மாப்பிள்ளையைப் பார்க்கும் முன் தண்ணீரை மோந்து பார்த்த ஒரே ஆள் எங்கள் மருந்தக்காதான். பந்தியில் உட்கார்ந்ததும் தம்ளர் மூக்குக்குப் போகும். குளோரின் வாடை இல்லையென்றால் இலையை மூடிவிட்டு எழுந்துவிடுவார். அவர் எழுந்தால் பக்கத்து இலைக்காரரும் பயந்துபோய் எழுந்துவிடுவார். சமையல்காரர்களுக்கு அவரைக் கண்டாலே உதறல்.

எங்கள் பேரூராட்சியில் குடிநீர் மேற்பார்வை அவர் பொறுப்பு. மேல்நிலைத் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் கலப்பதை ஊரில் மருந்து போடுவது என்பார்கள். அதனால் மருந்தக்கா. அதே ஆபீசில் எழுத்தராக இருக்கும் எனக்கே அவருடைய நிஜப் பெயர் சட்டென்று வராது.

ஒருமுறை பவுடர் லாரி வராமல் ஊர் தவித்துப்போனது. அதன்பிறகு அக்காவுக்கு முழுச் செட்டிநாட்டுப் புத்தி வந்துவிட்டது. இந்தப் பக்கத்துப் பெரிய வீடுகளில் எதையும் தூக்கிப் போட மாட்டார்கள், எடுத்துப் புழங்கவும் மாட்டார்கள். பித்தளை அண்டா முதல் ஊறுகாய் ஜாடி வரை அறைக்குள் வைத்துப் பூட்டிவிடுவார்கள். அக்காவும் ஸ்டோர் ரூம் முட்ட மூட்டைகளை அடுக்கி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

கோடை கழிந்து திறந்தால் மூட்டைகள் இருந்தன, வாடையைத்தான் காணோம். கிடக்கக் கிடக்க வீரியம் போய்விடும் பொடி அது, வெக்கையில் இன்னும் சீக்கிரம் போகும். நல்ல மூட்டையை அவிழ்த்தால் கண் எரிந்து நீர் வர வேண்டும் என்பது அக்காவின் பரிசோதனை. அன்றைக்கு எத்தனை மூட்டையை அவிழ்த்தும் அவர் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை.

“செத்துப்போச்சு தம்பி,” என்றார் என்னிடம். பின்பக்கம் குழி வெட்டிப் புதைக்கச் சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போய்த் தலைமுழுகிவிட்டுத்தான் மறுபடி ஆபீசுக்குள் வந்தார்.

அதிலிருந்து அவர் வழியே வேறு. புது மூட்டை வந்ததும், உயிரோடு இருக்கும் பழையதை அக்கம்பக்கத்து ஊர்களுக்குக் கொடுத்துவிடுவார். நமக்குத் தேவைப்படும்போது அவர்கள் புதிதாகத் திருப்பித் தர வேண்டும். சும்மா கொடுப்பாரா? மூட்டைமேல் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம் வைத்து, சம்பந்தி வீட்டுக்குச் சீர் போவது மாதிரி கல்லலுக்கும் கண்டரமாணிக்கத்துக்கும் டிராக்டரில் கொண்டுபோனார். கூடவே ஒரு கண்டிஷன், மூன்று ஊரும் ஒரே கம்பெனியில் வாங்கக் கூடாது.

“ஒரு கடை பூட்டுனா மூணு ஊரும் வாயைப் பொளந்துக்கிட்டா நிக்கிறது?”

புதிதாக வந்த செயல் அலுவலருக்கு இந்தச் சீர்வரிசை பிடிக்கவில்லை. ஆபீஸ் சரக்கை ஊர் ஊராக வாரிக் கொடுக்கிறீர்களே, தட்டுப்பாடு வந்தால் முதலில் உங்களைத்தான் வீட்டுக்கு அனுப்புவேன் என்றார். வாய்முகூர்த்தம் பலித்தது. நாங்கள் பவுடர் வாங்கும் கம்பெனியில் உற்பத்தி நின்று லோடு வரவில்லை. ஸ்டோரில் மிச்சம் இரண்டே மூட்டை. அந்த நேரம் பார்த்து ஒரு பெரிய புள்ளி ஊருக்கு வருவதாகத் தகவல். அவர் வரும் சாலையோரம் வெள்ளைக்கோடு போட அந்த மூட்டைகளை எடுக்கச் சொன்னார் அலுவலர்.

அக்கா ஸ்டோர் வாசலை மறித்து நின்றார். “ரோட்டுக்கு வயித்தால போகாது சார், ஊருப் பிள்ளைகளுக்குத்தான் போகும். என்னைய வீட்டுக்கு அனுப்புறதுன்னா அனுப்புங்க. இதைத் தர மாட்டேன்.”

விடிந்தபோது சாலையோரம் வெள்ளைக்கோடு பளிச்சென்று இருந்தது. அக்கா வழிக்கு வந்துவிட்டார் என்று அலுவலருக்கு ஒரே சந்தோஷம், கோட்டின்மேல் எறும்புகள் சாரை சாரையாகப் போவதைப் பார்க்கும்வரை. அத்தனையும் அரிசிமாவு. பெரிய புள்ளி காரை நிறுத்தாமலே போய்விட்டார். எறும்புகள்தான் சாயங்காலம் வரை இருந்து விழாவைச் சிறப்பித்தன.

கடைசி மூட்டை பாதியானபோது, அக்கா போனில் சொல்லி வைத்திருந்த டிராக்டர் கல்லலிலிருந்து வந்து நின்றது. மூட்டைகள் மேல் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம்.

“சீர் கொண்டாந்திருக்கோம்க்கா. எங்குட்டு இறக்க?” என்றார் டிரைவர்.

அக்கா முதலில் ஒரு மூட்டையை அவிழ்த்து மோந்தார். கண்ணிலிருந்து தாரை தாரையாக வழிந்தது. அலுவலர் பதறிப்போய், அழாதீர்கள் என்றார்.

“நான் எங்க சார் அழுகுறேன்? மருந்து உசுரோட இருக்கு. வேணும்னா நீங்களும் மோந்து பாருங்க.”

அவரும் மோந்தார், அவரும் அழுதார். அதற்குப்பின் வீட்டுக்கு அனுப்புகிற பேச்சை அவர் எடுக்கவே இல்லை. கண்டரமாணிக்கத்துச் சீரும் பின்னாலேயே வந்தது. மருந்து போடாத தண்ணீர் எங்கள் ஊர்க் குழாயில் ஒரு நாளும் வரவில்லை.

போன மாதம் அக்கா ஓய்வு பெற்றார். அலுவலர் பொன்னாடை போர்த்திப் புகழ்ந்து பேசினார். கூட்டம் கலைந்ததும் அக்கா என்னை ஸ்டோருக்கு அழைத்துப்போய்ச் சாவியைக் கையில் வைத்தார். புது மூட்டை வந்தால் பழையதைச் சீருக்கு அனுப்ப மறக்கக் கூடாது என்றார். தலையாட்டினேன். இனிமேல் காலையில் ஆபீசுக்கு வந்தால் இவர் இருக்க மாட்டார் என்று நினைத்ததும் கண் நிறைந்துவிட்டது.

“என்ன தம்பி?”

“மருந்துக் காரம்க்கா,” என்றேன்.

அக்கா திரும்பி மூட்டைகளைப் பார்த்தார். ஒன்றுகூட அவிழ்க்கப்படவில்லை.