ஒரு சாண் தண்ணீர்

கோர்த்தித் துறையில் நீரளவு பார்க்கும் என் அக்காள் மகன் பாபிகிருக்கு, கரீமாவிலிருந்து மாமன் ஜுபாரா ஸலாம் சொல்லி எழுதச் சொல்வது. எழுதுகிறவர் கடைக்கார அவாத். கையெழுத்து மட்டும் அவருடையது, வயிற்றெரிச்சல் முழுக்க என்னுடையது.

வெட்டுக்கிளி பேரீச்சங்குலைகளை மொட்டையடித்த வருஷம், கலெக்டருடைய கார் படகிலிருந்து நைலுக்குள் விழுந்த வருஷம், அதே வருஷம்தான் எனக்கும் பத்தூலுக்கும் நிச்சயமாகி, கல்யாணத்துக்காகக் கோர்த்திக்குக் கப்பலேறினேன். அப்போது உன் வேலையில் இருந்தவர் தைஃபூர். உள்ள தண்ணீரை உள்ளபடி சொன்னால் ஆற்றுக்குக் கண்ணேறு படும் என்று எப்போதும் ஒரு சாண் குறைத்தே தந்தி கொடுப்பார். கப்பலோட்டி ரயீஸ் ஃபக்கீரியும் ஊர்க்காரர், ஒரு சாண் கூட்டிக்கொள்வார். கப்பலும் பழுதில்லாமல் போய்வந்தது. அந்த வாரம் புது இன்ஜினியர் வந்து, "உள்ளதைச் சொல்லுய்யா!" என்று தைஃபூரை உலுக்கிவிட்டார். மனுஷன் பயந்து உண்மையைச் சொல்லிவிட்டார். ரயீஸ் வழக்கம்போல ஒரு சாண் கூட்டினார். கோர்த்திக்கு எதிரே, மேளச்சத்தம் காதில் விழும் தூரத்தில், கப்பல் மணலில் உட்கார்ந்துவிட்டது.

"பொய்யைத் தவிர வேற பேசாதவன், இன்னிக்குன்னு பார்த்து உண்மையைச் சொல்லித் தொலைச்சிட்டானே!" என்று ரயீஸ் தலையிலடித்துக்கொண்டார்.

கரையிலிருந்து பத்தூலின் அப்பா கத்தினார். "மாப்ளே, ஆடு வெந்துபோச்சு! வர்றியா இல்லையா?"

"ஆத்தைக் கேளுங்க!" என்றேன். படகெல்லாம் விருந்தாளிகளைக் கூட்டிவர அக்கரைக்குப் போயிருந்தன. வெந்த ஆட்டை வீணாக்குவார்களா? பந்தியில் சும்மா உட்கார்ந்திருந்த முறைப்பையன் ஹம்மூதாவுக்குப் பத்தூலைக் கட்டிவைத்தார்கள். மணலில் மாட்டிய கப்பலில் நின்றபடி குலவையைக் கேட்டேன். மறுநாள் எங்களை ஏற்றவந்த படகில் மிச்சக் கறியும் வந்தது. பசி, தின்றேன். பக்கத்திலிருந்தவன், "நல்லா வெந்திருக்கு, இல்ல?" என்றான்.

"இதையுமா எழுதணும், ஹாஜி?" என்கிறார் அவாத். எழுதுமய்யா.

இப்போது, ஹம்மூதா மௌத்தாகி, விதவை மறுமணத்துக்குக் காத்திருக்கும் இத்தாவும் பத்தூலுக்கு முடிந்தது, உங்களைக் கட்ட அவளுக்கும் சம்மதம், பன்னிரண்டு சாண் தண்ணீர் இருக்கிறது, வியாழக்கிழமை கப்பலில் வாருங்கள் என்று எழுதியிருக்கிறாய். எந்தப் பன்னிரண்டுடா அது? குறைத்த பன்னிரண்டா, குறைக்காத பன்னிரண்டா? இப்போதைய ரயீஸ் கூட்டுகிறவனா, சும்மா இருக்கிறவனா? முழங்காலும் போச்சு, பல்லும் போச்சு. கறி வந்தாலும் மெல்ல முடியாது. ஆகவே நான் வரவில்லை. பத்தூல் சுகமாக இருக்கட்டும். நீ பார்க்கும் அளவுக் கம்பத்தில் நீர் வற்றாமல், உன் பிள்ளைகள் அதைவிட உயரமாக வளர அல்லாஹ் அருளட்டும்.

உன் மாமன்,
ஜுபாரா

பின்குறிப்பு: உறை ஒட்டுமுன் அவாத் கையைப் பிடித்து நிறுத்திவிட்டேன். மூட்டை கட்டியாயிற்று, வியாழக்கிழமை வருகிறேன். குறைத்தாயோ கூட்டினாயோ, கேட்கமாட்டேன். ஒரு படகை மட்டும் கோர்த்திக் கரையிலேயே நிறுத்திவை. நான் கரையேறும் வரை ஆட்டை அறுக்காதே. தைஃபூர் போய்ச் சேர்ந்தார். ரயீஸ் போனார். "நல்லா வெந்திருக்கு" என்றவனும் போனான். ஹம்மூதாவும் போய்விட்டான். அந்த நாளை அறிந்தவர்களில் என்னைத் தவிர உயிரோடிருப்பது பத்தூல் ஒருத்திதான்.