ஒரு வேன் நிறைய கிட்னி

இரண்டு மொழி தெரிந்தவனுக்கு ஒரே சொல்லை இரண்டு விதமாகத் தப்பாகப் புரிந்துகொள்ளும் வசதி உண்டு. தமிழ்நாடு-கேரள எல்லையில், பாறசாலைப் பக்கத்தில் பிறந்த எங்களுக்கு இது பிறவியிலேயே கிடைத்த சலுகை. நான் ஒரு படி மேலே போய், ஒரு வேன் நிறைய ஆட்களுக்கும் அதைப் பகிர்ந்தளித்தேன்.

என் தங்கை ஜெபாவின் மகன் அபினுக்கு அப்போது ஆறு வயது. சிறுநீரகத்திலிருந்து இறங்கும் குழாய், தொடங்குகிற இடத்திலேயே சுருங்கிப்போயிருந்தது. அப்படியே விட்டால் சிறுநீரகம் வீங்கிக் கெட்டுவிடும். திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் சாவித்துவார அறுவை சிகிச்சை என்று முடிவானது. தங்கை வீட்டுக்காரர் துபாயில். எனவே டாக்டரிடம் பேசும் பொறுப்பு, நாலு புத்தகம் படித்தவன் என்ற ஒரே குற்றத்துக்காக என்னிடம் வந்தது.

செல்போனில் இரண்டு வீடியோ பார்த்துவிட்டுப் போனேன். (முதல் வீடியோவின் பாதியில் தலை சுற்றியதை யாரிடமும் சொல்லவில்லை.) கால்மேல் கால் போட்டுக்கொண்டு, "டாக்டரே, ஸ்டென்ட் மோளீந்நோ, தாழேந்நோ?" என்று கேட்டேன். மேலிருந்தா, கீழிருந்தா என்று.

அந்த டாக்டரம்மா பொறுமைசாலி. ஸ்டென்ட் என்பது இரண்டு முனையும் சுருண்ட மெல்லிய குழாய். சிலர் அதை மூத்திரப் பாதை வழியே கீழிருந்து முதலிலேயே ஏற்றிவிடுவார்களாம். இவர் சுருங்கிய துண்டை வெட்டி, பின்பக்கத் தையல் போட்ட பிறகு, வயிற்றுத் துளை வழியே மெல்லிய கம்பியை விட்டு, அதன்மேல் ஸ்டென்டை மேலிருந்து இறக்குவாராம். மூத்திரப்பையில் நீல மருந்து நிரப்பியிருக்கும். நீலம் குழாய் வழியே மேலே எட்டிப்பார்த்தால், கீழ்முனை பைக்குள் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். கடைசியில், "கொறச்சு ஆழ்ச்ச கழிஞ்ஞு மாற்றும்" என்றார். சில வாரம் கழித்துக் குழாயை எடுத்துவிடுவார்கள். (மலையாளத்தில் 'மாற்றுவது' என்றால் அகற்றுவதும்தான்.)

குடும்பக் குழுவில் நீளமாக ஒரு குரல் செய்தி அனுப்பினேன். கம்பி, நீலம், மேல், கீழ் எல்லாம் விளக்கினேன். அதை ஒருவரும் கேட்கவில்லை. தள்ளிவிட்டுக் கடைசி வரிகளை மட்டும் கேட்டார்கள்: "இப்பம் கிட்னில ஆபரேஷன். கொஞ்ச ஆழ்ச்ச கழிஞ்சு மாத்தும். எல்லாரும் ஜெபிக்கணும்."

ஜெபித்தார்கள். தங்கையின் புகுந்த ஊரான காரோட்டிலிருந்து வேன் பிடித்தும் வந்தார்கள்.

ஆபரேஷன் அன்று காலை, தியேட்டர் வாசலில் அபின் தள்ளுவண்டியில் படுத்திருந்தபோது, ஜெபாவின் கணவர் வீட்டுச் சொந்தங்கள் வராந்தாவை நிறைத்தன. ஒவ்வொருவராக வந்து என் காதைக் கடித்தார்கள்.

"மக்கா, எனக்கு சுகரு உண்டு. எனக்க கிட்னி கொள்ளாது, கேட்டியா."

"எனக்கு கல்லாக்கும்."

"நமக்க கிட்னி கொச்சுப் பிள்ளைக்குப் பெருசுல்லா?"

கடைசிக் குரல் ஜெபாவின் காதில் விழுந்துவிட்டது.

"ஆருக்க கிட்னிய மாத்தப் போறாவ?" என்று அலறி, மகனை வண்டியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். "எம்பிள்ளைய விடமாட்டேன். நான் வீட்டுக்குப் போறேன்!"

நர்ஸ் கெஞ்சினார். இன்று தவறினால் அடுத்த தேதி எப்போது கிடைக்குமோ, அதுவரை அந்தச் சிறுநீரகம் தாங்குமோ தெரியாது. நான் விளக்குவதற்கு வாயைத் திறந்தேன்.

"நீ மிண்டாத!" என்றாள்.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு அபினின் பெரியப்பா ஸ்டான்லி வந்தார். "எதுக்கு மக்கா நெலவிளிக்க? எனக்க எடுக்கட்டும். காலத்த வெள்ளம்கூட குடிக்காமதான் வந்திருக்கேன்." சொல்லிக்கொண்டே சட்டைப் பொத்தான்களைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார்.

சத்தம் கேட்டு டாக்டர் வெளியே வந்தார். "கிட்னி மாற்றும்னு ஆரா பறஞ்ஞது?"

வேன் மொத்தமும் என்னைத் திரும்பிப் பார்த்தது.

"மாற்றுந்நது ட்யூபா! கிட்னி அவிடத்தந்நெ இருக்கும்." எடுப்பது குழாயைத்தான், கிட்னி அங்கேயே இருக்கும் என்று அவர் ஜெபாவின் தோளைத் தொட்டுச் சொன்னதும்தான் அவள் பிடி தளர்ந்தது. வண்டி நகரும்போது அபின் தலையைத் தூக்கி, "பெரியப்பா, சட்டையப் போடுங்க. எல்லாரும் பாக்கியாவ" என்றான்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. குழாயும் பிறகு, மாற்ற வேண்டியபடியே மாற்றப்பட்டது.

வேனில் வந்தவர்களில் உண்மையிலேயே கிட்னி தர வந்தவர் ஸ்டான்லி அத்தான் ஒருவர்தான். அவர் அதை மறக்கவில்லை, எங்களை மறக்க விடவும் இல்லை. கிறிஸ்துமஸுக்கு ஆடு அறுத்தால் கிட்னி இரண்டும் அவர் தட்டுக்குத்தான் போக வேண்டும்.

போன கிறிஸ்துமஸுக்கு, "அத்தான், நீங்க தாறேன்னு சொன்னது ஒண்ணுதானே?" என்று கேட்டுப் பார்த்தேன்.

"ஆமாலே, மத்தது எனக்கு வேணும்லா?" என்றபடி இரண்டாவதையும் எடுத்துக்கொண்டார். "ஆட்டுக்கு இனி எதுக்கு?"