உரையாடல் பொறுக்கப் போன கதை

சனிக்கிழமை எனக்கு இருந்தது ஒரே வேலை. கதை எழுதுற வகுப்புக்குப் போயிட்டு வரணும். அவ்வளவுதான்.

எல்லாத்துக்கும் காரணம் என் பொண்டாட்டி கலா. நான் ஃபேஸ்புக்ல கதை எழுதுறது உங்களுக்கே தெரியும். நீங்கல்லாம் பொறுத்துக்கிட்டீங்க. அவ பொறுத்துக்கல.

"ஒங்க கதையில காதலனும் காதலியும் பேசுறது சேஃப்டி பிரீஃபிங் மாதிரியே இருக்குலா!"

பினாங்குல, பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில நான் சூப்பர்வைசர். தினமும் மைக்கப் புடிச்சு சேஃப்டி பிரீஃபிங் குடுக்கிறவன். என் காதலன் வேற எப்படிப் பேசுவான்?

ஆனாலும் ரோஷம் வந்துருச்சு. வகுப்புக்குப் பேரு குடுத்துட்டேன்.

ஜார்ஜ்டவுன்ல ஒரு பழைய கடைவீட்டு மாடியில வகுப்பு. காடிய நிறுத்த எடம் தேடினா, செவுத்து ஓவியத்துக்கு முன்னாடி போட்டோ எடுக்கிற கூட்டம் ரோட்டையே அடைச்சுக்கிட்டு நிக்குது. ஹாரன் அடிச்சேன். திரும்பி என்னையும் ஒரு போட்டோ எடுத்துக்கிட்டாங்க.

கீழ காப்பிக்கடை. ஜாம் போத்தல்ல காப்பிய ஊத்தி, மேல ஒரு இலையச் சொருகிக் குடுக்கிற ரகம். அதத் தாண்டி மாடி ஏறினேன்.

பாடம் நடத்துறவரு கோலாலம்பூர்லேர்ந்து வந்திருந்தாரு. கதர் ஜிப்பா, கழுத்துல மரக்கொட்டை மாலை. "வணக்கம் சார்"னேன். கையத் தூக்கித் தடுத்துட்டாரு.

"சார் வேண்டாம். நான் ஆசிரியன் இல்ல. கதைத்தோழன்."

கட்டணம் வாங்குனப்போ மட்டும் அந்தத் தோழமையக் காணோம்.

எனக்குப் பக்கத்துல நிபோங் திபால்லேர்ந்து வந்த ராணி அக்கா. கவிஞராம். பேசும்போதே வரிய உடைச்சு உடைச்சுத்தான் பேசுவாங்க.

"தம்பி..." நிறுத்தினாங்க. "ஃபேன்..." மறுபடி நிறுத்தினாங்க. "போடுங்க."

போட்டேன்.

"எல்லாரும் கண்ண மூடுங்க"ன்னாரு கதைத்தோழரு. "மூச்ச மட்டும் கவனிங்க. உங்க கதை உங்க வயித்துலதான் இருக்கு."

என் வயித்துல ரொட்டி சானாய்தான் இருந்துச்சு. நைட் ஷிஃப்ட் முடிச்சு, வழியில பசியாறிட்டு நேரா வந்தவன். கண்ண மூடச் சொன்னா மூடிட்டேன். யாரோ கை தட்டுற சத்தத்துலதான் முழிச்சேன்.

கதைத்தோழரு என்னையக் காட்டிச் சொல்றாரு: "இவரு எவ்வளவு ஆழமாப் போனாரு பாத்தீங்களா! அந்தக் குரல் அடிவயித்துலேர்ந்து வந்தது!"

அது கொறட்டை. நான் சொல்லல. என் எழுத்து வாழ்க்கையில கெடைச்ச முதல் பாராட்டு. அத நானே எதுக்குக் கெடுக்கணும்?

அடுத்துதான் பயிற்சி. தெருவுக்குப் போய், உயிருள்ள மனுஷங்க பேசுறத அப்படியே எழுதிக்கிட்டு வரணுமாம்.

"ஒட்டுக்கேக்கணுமா சார்?"

"அதுக்குப் பேரு ஒட்டுக்கேக்குறது இல்ல. அவதானிப்பு."

அவதானிக்கக் கெளம்பிட்டேன். ராணி அக்கா கீழ காப்பிக்கடையிலயே உக்காந்துட்டாங்க. நான் உண்மையான படைப்பாளி இல்லையா? நாலு கடை தள்ளி நாசி கண்டார் சோத்துக்கடைக்குப் போனேன்.

நல்ல கூட்டம். என் முதுகுக்குப் பின்னாடி மேசையில ஒரு பையனும் பொண்ணும். நடுவுல மீன் தலைக் கறி. உக்காந்த ஒடனே எனக்கு யோகம் அடிச்சிருச்சு.

"ஒங்க அம்மாகிட்ட எப்பதான் சொல்லுவீங்க?" இது அந்தப் பொண்ணு.

"சொல்றேன்லா. இப்ப நான் ஈப்போவுல டிரெய்னிங்ல இருக்கேன்னு நெனச்சிக்கிட்டு இருக்காங்க."

"எல்லா சனிக்கிழமையுமா டிரெய்னிங்? நீங்க என்னா ராக்கெட்டா உடப் போறீங்க?"

ஆஹா! போன எடுத்துத் தட்ட ஆரம்பிச்சேன். என் மூளையில இந்த மாதிரி ஒரு வரி என்னைக்காவது வந்திருக்கா?

"அடுத்த வாரம் பத்து காவான் ஊருலேர்ந்து என்னையப் பொண்ணு பாக்க வராங்க. இன்னிக்கு நீங்க ஒரு பதில் சொல்லியே ஆகணும்."

பையன் கொரலத் தாழ்த்திட்டான். மேல ஃபேன் வேற கடகடன்னு ஓடுது. ஒண்ணும் கேக்கல. நான் பிளாஸ்டிக் நாற்காலியப் பின்னாடி சாய்ச்சேன். இன்னும் கொஞ்சம் சாய்ச்சேன்.

ஃபேக்டரியில தினமும் நான் மைக்ல சொல்றேன், நாற்காலியச் சாய்க்காதீங்கன்னு. யாரு கேக்குறா? நானே கேக்கல.

மடார்!

மல்லாக்க அவங்க மேசை மேலயே விழுந்தேன். மீன் தலை என் நெஞ்சு மேல ஏறி உக்காந்துக்கிச்சு. கறி சட்டைக்குள்ள ஓடுது. என் போன் போய் அந்தப் பொண்ணு முன்னாடி விழுந்துச்சு. ஸ்கிரீன் நல்லா வெளிச்சமா இருந்துச்சு.

அவ அத எடுத்துச் சத்தமாப் படிச்சா: "'பையன் பயந்தாங்கொள்ளி. தாயாரிடம் பொய் கூறியுள்ளான். பெண் அழகு. வாய் சற்று அதிகம்.'" நிமிந்து பாத்தா. "யாருக்குய்யா வாய் அதிகம்?"

பையன் மொகம் வெளிறிப் போச்சு. "அண்ணே... அம்மாதான ஒங்கள அனுப்புனாங்க?"

"ஐயோ இல்ல தம்பி! நான் கதை எழுதக் கத்துக்கிட்டு இருக்கேன். இது ஹோம்வொர்க்!"

கடைக்காரரு கரண்டியோட வந்து நின்னாரு. "இந்தக் கடையில எத்தனையோ பொய் கேட்டிருக்கேன் அண்ணே. இது புதுசு."

நான் சத்தியம் பண்ணேன். ஒருத்தரும் நம்பல. பையன் கொஞ்ச நேரம் என்னையே பாத்தான். அப்புறம் அந்தப் பொண்ணப் பாத்தான்.

"இவரு போய்ச் சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்லிடுறேன்"ன்னு சொல்லி அம்மாவுக்குப் போன் போட்டுட்டான்! கையெல்லாம் கறி, அதனால ஸ்பீக்கர்ல.

"அம்மா, நான் ஈப்போவுல இல்ல. பினாங்குலதான் இருக்கேன். ஒரு பொண்ணோட. நான் கட்டிக்கப் போற பொண்ணு."

 கடையே எங்களத்தான் பாக்குது. கடைக்காரரு கரண்டிய அப்படியே புடிச்சிக்கிட்டு நிக்கிறாரு. ஸ்பீக்கர்ல அம்மா கொரல் வந்துச்சு.

"சாப்டாளா?"

"ஆங்?"

"அந்தப் பொண்ணு சாப்டாளான்னு கேட்டேன்டா."

"பாதிதாம்மா. மீதிய ஒரு அண்ணன் தட்டி உட்டுட்டாரு."

"எந்த அண்ணன்?"

பையன் எல்லாத்தையும் ஒப்பிச்சான், பயந்தாங்கொள்ளி உட்பட.

"அந்தாளக் கூப்புடு... ஐயா, ஒங்களுக்குக் கல்யாணம் ஆயிருச்சா?"

"ஆயிருச்சுங்க."

"அப்ப ஒங்க வீட்டுப் பேச்ச எழுதுறதுக்கு என்னா?"

"அங்க எனக்கு வசனம் கம்மிங்க."

"என் மகனப் பயந்தாங்கொள்ளின்னு எழுதுனீங்களாமே?"

"அழிச்சிடுறேங்க!"

"அழிக்காதீங்க. சரியாத்தான் எழுதியிருக்கீங்க."

அப்புறம் அந்தப் பொண்ணுகிட்ட பேசணும்னாங்க. இவ்வளவு நேரம் வெடிச்சுக்கிட்டு இருந்தவ, "நல்லா இருக்கீங்களா ஆன்ட்டி"ன்னு கேக்கும்போதே அழுதுட்டா. எனக்கும் ஒரு மாதிரி ஆயிருச்சு. கண்ணத் தொடைச்சேன். கையில இருந்த மொளகா கண்ணுல பட்டு, அப்புறம் நெசமாவே அழுதேன்.

வேற ஒரு தட்டு மீன் கறி வாங்கிக் குடுத்து, பையனோட அம்மா கேட்டாங்கன்னு என் நம்பரையும் குடுத்துட்டு, வகுப்புக்கு ஓடினேன். கடையில பேசுனத எல்லாம் போன்ல தட்டி, ஒரு வார்த்தை மாத்தாம வாசிச்சேன்.

கதைத்தோழரு உச்சுக் கொட்டினாரு.

"உரையாடல் ரொம்பச் செயற்கையா இருக்கு. அந்த அம்மா பாத்திரம் நம்புற மாதிரியே இல்ல. மகன் இவ்வளவு பெரிய பொய் சொல்லியிருக்கான், 'சாப்டாளா'ன்னா கேப்பாங்க? கதற வேணாமா?"

"கேட்டாங்க சார்."

"வாழ்க்கையில கேக்கலாம். கதையில கேக்கக் கூடாது. கண்ண மூடி உங்க எழுத்த மோந்து பாருங்க. வாழ்க்கையோட வாசனை வருதா?"

ரூம் முழுக்க மீன் கறி வாசனை.

அடுத்து ராணி அக்கா. கீழ குடிச்ச காப்பியில இருந்த ஐஸ்கட்டி கண்ணாடியோட பேசுதாம்.

"நான்... உருகுகிறேன்... நீ?"

எல்லாரும் எந்திரிச்சு நின்னு கை தட்டினாங்க. கதைத்தோழரு மாலையப் புடிச்சுக்கிட்டு, "இதுதான் உயிருள்ள பேச்சு!"ன்னாரு.

அந்தப் பக்கம் நான் மறுபடி போகல.

போன வாரம் அந்தப் பையன் போன் பண்ணான். கல்யாணமாம். "குடும்பத்தோட வரணும் அண்ணே. அம்மா ஒங்களக் கண்டிப்பாக் கூப்பிடச் சொன்னாங்க. எந்த மேசைன்னு கூட அவங்களே சொல்லிட்டாங்க."

எனக்கு நெஞ்சே நெறைஞ்சு போச்சு. "எந்த மேசை தம்பி?"

"பெரிய ஸ்பீக்கருக்குப் பக்கத்துல அண்ணே."