மினுக்கு மேஸ்திரியும் கையை விடாத கைத்தடிகளும்

திருவனந்தபுரத்தில் கோபுரக் கலசத்துக்கு அடுத்தபடி மின்னுவது எது என்று கேட்டால், மினுக்கு மேஸ்திரி கடைந்த மரம்தான் என்பேன். நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனால் சாலைக் கடைத்தெருவில் ஆணி மூட்டை சுமந்து, அதே தெருவில் இன்று மூன்று ஷட்டர் வைத்த இரும்புக் கடைக்கு முதலாளி. என் சொல்லை நம்பலாம்.

மேஸ்திரி அரக்கைச் சில்லுச் சில்லாக என் கடையில்தான் வாங்குவார். ஸ்பிரிட்டில் கரைத்து, சொட்டு எண்ணெய் விட்டு, துணியில் தொட்டு, கடைசல் லேத்தில் சுற்றுகிற மரத்தின்மேல் அழுத்துவார். உரசுகிற சூட்டிலேயே பளபளப்பு ஏறிவிடும். ஒரே நிமிடம். அப்புறம் அதில் மீசை ஒதுக்கலாம்.

துணிதான் தகராறு. நைந்த பருத்திப் பனியன்தான் வேண்டும் அவருக்கு.

"அண்ணாச்சி, சட்டையக் கழத்தும்."

"எதுக்குவே?"

"உம்ம பனியன் நல்ல பதத்துல இருக்கு. இன்னும் ரெண்டு வெளுப்பு வெளுத்தா வீணாப் போயிரும்."

உழைத்தவன் பனியனுக்கு உள்ள மவுசு அது. கழற்றிக் கொடுத்தேன். ஆனால் வித்துராவிலிருந்து கதவுக் கீல் வாங்க வந்த ஒருவரும் பனியன் இல்லாமல்தான் பஸ் ஏறினார்.

வீட்டுச் சப்பாத்திப் பலகையையும் விடவில்லை. "மாவு தேய்க்கக் குனிஞ்சா என் மூஞ்சிதான் தெரியுது. சப்பாத்தி வட்டமா வருதான்னு பாக்கவே முடியலை" என்று அவர் மனைவி என்னிடம் முறையிட்டார்.

இப்படிப்பட்டவரின் பட்டறைக்கு ஆபத்து வந்தது. பட்டறை இருந்த கொட்டகையின் சொந்தக்காரர் ஒரு ரிட்டயர்டு சூப்பிரண்டு. "சத்தம், தூசி, ஸ்பிரிட்டு மணம். மாசம் முடியும்போ ஒழிஞ்சு தரணும்" என்றுவிட்டார். வேறு இடம் கிடையாது. லேத் நின்றால் மேஸ்திரியும் நின்றுபோவார்.

சூப்பிரண்டுதான் தெருவின் ஓய்வுபெற்றோர் சங்கத்துக்குத் தலைவர். சங்க ஆண்டுவிழாவுக்கு இருபது கைத்தடிகள் செய்து தருவதாக மேஸ்திரி ஏற்றுக்கொண்டார். ஒவ்வொன்றின் தலையிலும் கடைந்த குமிழ். அதில் அரக்கு மெருகு.

"இதைக் கையில பிடிச்ச மனுசன் என்னைப் போன்னு சொல்லுவானா அண்ணாச்சி?"

"சொல்லவே மாட்டான்" என்றேன். நான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். அத்துடன் நிறுத்தவில்லை. விழாவுக்கு ஐந்து லிட்டர் சானிடைசர் என் அன்பளிப்பு. வாசலில் நானே நின்று ஆளுக்கு ஒரு குழிக்கை நிறைய ஊற்றினேன். கஞ்சத்தனம் நம் ரத்தத்தில் இல்லை. கை காய்வதற்குள் பக்கத்தில் நின்ற மேஸ்திரி தடியை நீட்டினார். பெரியவர்கள் குமிழை ஆசையாகத் தடவித் தடவிப் போய் உட்கார்ந்தார்கள்.

வரவேற்புரை முடிந்தது. எல்லோரும் கைதட்டக் கையைத் தூக்கினார்கள். கையோடு இருபது தடிகளும் எழுந்தன.

"எடோ மேஸ்திரி! இது எந்தா? கை விட்டு வரலியே!" என்று மேடையிலிருந்து சூப்பிரண்டு அலறினார்.

"நல்லா உதறுங்க சாரே."

உதறினார். மைக் விழுந்தது. அவர் உதறியதைப் பார்த்து முன்வரிசையும் உதற, குத்துவிளக்கு சாய்ந்தது. மேஸ்திரி ஓடிப்போய் அவர் கையை மோந்து பார்த்தார்.

"ஸ்பிரிட்டு! அரக்கைக் கரைக்கிறதே அதுதானேவே! கரைஞ்சது கையோட காஞ்சு ஒட்டிக்கிட்டு. இதையா அண்ணாச்சி ஊத்துனீரு?"

சபை முழுவதும் என்னைப் பார்த்தது. நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"பாத்துக்கிட்டு நிக்காதீரும். இன்னும் ஊத்தும், அப்பத்தான் இளகும்."

கேனைத் தூக்கிக்கொண்டு வரிசை வரிசையாக ஊற்றினேன். மேஸ்திரி ஒவ்வொரு கையாக விடுவித்துத் துணியால் துடைத்தார். சூப்பிரண்டு முறை வந்தபோது பழக்கதோஷம், துடைக்கிற கை வேகம் பிடித்துவிட்டது. அழுத்தித் தேய்த்ததில் அந்த உள்ளங்கை கண்ணாடி மாதிரி மின்னியது.

"சாருக்கு ஆயுசு ரேகை கெட்டி" என்றார் மேஸ்திரி, மனதாரச் சந்தோஷப்பட்டு.

"நாளைக்கே ஒழியணும்!" என்றார் சூப்பிரண்டு, அந்தக் கையாலேயே வாசலைக் காட்டி.

மறுநாள் லேத்தைத் தூக்க நானும் போனேன். முப்பது வருஷமாகப் பாரம் தூக்காத தோள் இது, ஆனாலும் கனமான பக்கம் என் பக்கம்தான். நேராக என் கடைக்குப் பின்னால் இருக்கும் கிடங்கில் கொண்டுபோய் இறக்கினோம். மேஸ்திரி ஒரு வார்த்தை திட்டவில்லை. கிடங்கில் வெளிச்சம் போதாது என்று மட்டும் குறைப்பட்டார்.

சுவரில் ஜன்னல் வைத்துக் கொடுத்தேன். இப்போது பெயின்ட் டின்களின் மேலெல்லாம் மரத்தூள், பேசினால் காது கேட்பதில்லை. ஆனால் காலையில் அந்த லேத் சத்தம் வரத் தாமதமானால், ஆணி கேட்டவருக்குத் திருகாணியைக் கொடுத்துவிட்டு, கிடங்குப் பக்கமே பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.