ஃபர்ஸ்ட் பீஸ் அண்ணன் சுட்ட மெல்லிசு சாப்ஸ்

சாட்சாத் கடவுளே நேரில் வந்து மூன்று வரம் தருகிறேன் என்றாலும், "முதல்ல ஒண்ணு தாரும், பாத்துட்டுச் சொல்லுதேன்" என்று கேட்கக்கூடிய ஒரே மனுஷன் இந்த ஒரகடம் வட்டாரத்தில் எங்கள் 'ஃபர்ஸ்ட் பீஸ்' அண்ணன்தான். நிஜப் பெயர் அவருடைய ஆதார் அட்டைக்குத் தெரியும். எங்களுக்குத் தேவைப்பட்டதில்லை.

கம்பெனியில் ஷிப்ட் தொடங்கியதும் மிஷினிலிருந்து வரும் முதல் பீஸை எடுத்துச் சோதித்து, சரி என்று சொன்ன பிறகுதான் மிச்சத்தை ஓட்ட விடுவார்கள். நடுவில் லைன் நின்றுபோனால், திரும்ப ஓடும்போது மறுபடியும் முதல் பீஸ் பார்க்க வேண்டும். அண்ணனுக்கு அதுதான் வேலை. ஊரில் உள்ளவன் எல்லாம் வேலையைக் கம்பெனி கேட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வருவான். இவர் அதை ரூமுக்கே கூட்டி வந்துவிட்டார். டீக்கடையில் ஒரு வாய் குடித்துப் பார்த்து, "ஓகே, மிச்சத்த ஊத்தும்" என்பார். சலூனில் ஒரு காதோரம் மட்டும் வெட்டச் சொல்லி, எழுந்து தள்ளி நின்று கண்ணாடியில் பார்த்து, அப்புறம்தான் மறு காதுக்கு அனுமதி. ஒருமுறை சலூன்காரர் கடுப்பாகி, "போய்யா" என்று கத்திரியைக் கீழே வைத்துவிட்டார். அண்ணன் ஒருபக்கக் கிராப்போடு டூட்டிக்கு வந்தார்.

வல்லம் வடகாலில் அவரோடு ஒரே ரூமில் குப்பை கொட்டிய பாவி நான்.

இப்பேர்ப்பட்ட ஆளுக்குக் காதல் வந்தது. பக்கத்துக் கம்பெனியில் வேலை செய்த ஸ்டெல்லா, தண்டலத்துப் பெண். "பாத்த அன்னைக்கே ஓகே சொல்லிட்டேம்ல. செக்கிங்கே கெடையாது" என்று அண்ணன் வெட்கப்பட்டபோது எனக்குத் தலை சுற்றியது. ஆனால் ஸ்டெல்லாவின் அப்பா லேசில் மசிகிற ஆள் இல்லை. கம்பெனி பஸ் டிரைவர். மனைவி இறந்த பிறகு மகளை ஒற்றை ஆளாக வளர்த்தவர். எங்கள் டீக்கடைக்கே வந்து அண்ணனை நிறுத்திக் கேட்டார்.

"எம் பொண்ணு நைட் ஷிப்ட்டு முட்ச்சிட்டு வந்து உனக்கு ஆக்கிப் போட்டுகினு இருக்கணுமா? உனுக்கு இன்னா ஆக்கத் தெரியும், அத்தச் சொல்லு."

அண்ணன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "என்ன கேட்டாலும் ஆக்குவேன் மாமா" என்றார். வெந்நீர் வைக்கும்போதே பாத்திரத்தைத் தீயவிடுகிற மனுஷன்!

"அப்ப போர்க் சாப்ஸ் போடு. பன்னிக்கறி, எலும்போட மெல்லிசா வெட்னது. ஒருவாட்டி கம்பெனி கெஸ்ட் ஹவுசாண்ட துன்னேன், பஞ்சு மாரி இருந்துச்சு. அப்பால எங்க துன்னாலும் செருப்புத் தோலாத்தான் கீது. வர்ற ஞாயித்துக்கெழம சர்ச்சு முட்ச்சிகினு வரேன். நல்லா இருந்தா பேசுவோம். இல்லாங்காட்டி என் பொண்ண மறந்துடு."

அன்றிலிருந்து எங்கள் ரூம் ரூமாக இல்லை. கறி என்றால் நன்றாக வேக வேண்டும் என்பதுதான் எங்கள் இருவருக்கும் தெரிந்த ஒரே சாஸ்திரம். முதல் சாப்ஸை அண்ணன் வேக வைத்தார், வைத்தார், வைத்துக்கொண்டே இருந்தார். ஆடிக்கொண்டிருந்த என் கட்டில் கால் அன்றோடு ஆட்டத்தை நிறுத்தியது. அடியில் இருந்தது அந்த சாப்ஸ்.

அடுத்தது, தோசைக்கல்லில் போட்டதும் ஓரமெல்லாம் சுருண்டு கிண்ணம் மாதிரி எழும்பிவிட்டது. நடுப்பகுதி கல்லைத் தொடவே இல்லை. அண்ணனுக்கு ரோஷம் வந்து, என் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி அதன் தலையில் வைத்தார். மறுநாள் என் யூனிபாரத்தை மோப்பம் பிடித்துக்கொண்டு கம்பெனி கேட் வரைக்கும் ஒரு நாய் வந்தது.

"அண்ணே, விட்டுருங்க. குழம்புல போட்டு நாலு விசில் விட்டுரலாம். தின்னுட்டுப் போகட்டும்."

"கேட்டது சாப்ஸ். குழம்பக் குடுத்தா ரிஜெக்டுல்லா? ஸ்டெல்லாவ ரிஜெக்ட் ஆக விடுவேனால?"

விடவில்லை. டூட்டி முடிந்து வந்து, ராட்சசன் மாதிரி சுட்டார். சுட்டதையெல்லாம் நான் மென்றேன். தாடை வலிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு மென்றேன். கடைசியில் ஒருநாள் கத்தினார்: "எல, மெல்லிசு வேகுறதுக்கு நேரமே வேண்டாம்ல! நாமதான் அத அடுப்புல வச்சுக் கொல்லுதோம்!"

அப்புறம் பிடிபட்டுவிட்டது. சாப்ஸைக் கொஞ்ச நேரம் உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டார். என் புதுத் துண்டால் ஈரம் போகத் துடைத்தார். சுருளாமல் இருக்க ஓரத்துக் கொழுப்பைக் கத்தியால் அங்கங்கே கீறினார். மிளகும் பூண்டும் தடவி, புகை வரக் காய்ந்த தோசைக்கல்லில் போட்டு, சிவந்ததும் ஒரே திருப்பு. நடுவில் ரத்தச் சிவப்பு போனதுமே இறக்கித் தட்டால் மூடினார். நான் கை நீட்டினேன், பட்டென்று அடித்தார்.

"செத்த நேரம் தொடாத. சாறு உள்ள எறங்கட்டும்."

இறங்கியது. தின்றேன். சத்தியமாகச் சொல்கிறேன், கண் கலங்கிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கிண்ணம் நிறையப் பச்சை சாப்ஸ் தயார். ஸ்டெல்லாவிடமிருந்து 'கெளம்பிட்டோம்' என்று மெசேஜ் வந்தவுடன் அண்ணன் ஒன்றைச் சுட்டு, வெட்டிப் பார்த்து, "ஓகே" என்றார். அடுத்த மெசேஜ்: 'ஹைவேல டிராபிக்.' அடுப்பை அணைத்தார். 'வண்டி நகருது' என்று வந்ததும் மறுபடி பற்ற வைத்து இன்னொன்றைப் போட்டார்.

"அண்ணே! அதே கல்லு, அதே கறி! எதுக்கு மறுபடியும்?"

"லைன் நின்னுட்டுல்லா? ஃபர்ஸ்ட் பீஸ் பாக்கணும்ல."

டிராபிக் நின்றது, நகர்ந்தது, நின்றது. அண்ணனும் அணைத்தார், பற்ற வைத்தார், சுட்டார், வெட்டினார். நான் தலையில் அடித்துக்கொண்டே வெட்டியதைத் தின்று தீர்த்தேன். அப்பாவும் பெண்ணும் வாசலில் செருப்பைக் கழற்றியபோது கிண்ணத்தில் ஒரே ஒரு சாப்ஸ் கிடந்தது.

அதைச் சுட்டு, மூடி வைத்து, தட்டில் எடுத்து வைத்தார். பெரியவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அப்போது பாருங்கள், அண்ணனுடைய கை தன்னால் கத்தியை எடுத்தது. விருந்தாளி தட்டிலிருந்து ஓரமாக ஒரு துண்டை வெட்டி, அண்ணன் வாயில் போட்டது. ஸ்டெல்லா முகத்தைப் பொத்திக்கொண்டாள். முடிந்தது கல்யாணம் என்று நினைத்தேன்.

"இன்னாயா இது? எனுக்கு வச்சத நீ துன்ற?"

அண்ணன் கத்தியைக் கீழே வைத்தார். "மன்னிச்சிரும் மாமா. செக் பண்ணாம யாருக்கும் எதையும் குடுத்துப் பழக்கமில்ல. இப்ப சாப்பிடும், நல்லாருக்கு."

பெரியவர் முறைத்துக்கொண்டே ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டார். மென்றார். அப்புறம் எலும்பு வெள்ளையாகிற வரை விடவில்லை.

"இன்னொண்ணு போடு."

"இல்ல மாமா. மிச்சமெல்லாம் செக்கிங்ல போயிட்டு."

அவர் சிரிக்கவில்லை. மகளைப் பார்த்தார். "இவங்கம்மா போனப்போ இவ கைக்கொழந்தப்பா. பாலு சூடா கீதா, சோறு கொழஞ்சிதான்னு முதல் வாய் நான்தான் பாத்துகினு இருந்தேன். எனுக்கப்புறம் யாரு பாக்கறதுன்னு ஒரே கவலை." வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "இனிமே நீ பாத்துக்க."

இப்போதும் நான் அவர்கள் வீட்டுக்குப் போவதுண்டு. ஸ்டெல்லா ஷிப்ட் முடிந்து வந்து உட்கார்ந்தால், முதல் வாய் அண்ணன், அடுத்தது அவள். ஒருநாள் நான் போயிருந்தபோது கல்லிலிருந்து இறக்கிய சாப்ஸில் ஒரு துண்டைத் தின்று பார்த்துவிட்டு, "ஓகே, நீ தின்னுல" என்று தட்டை என் பக்கம் தள்ளினார். எத்தனையோ பெரிய ஓட்டலில் சாப்பிட்டுவிட்டேன். எனக்காக முதல் வாய் தின்று பார்த்த மனுஷன் இவர் ஒருத்தர்தான்.